இடது கால் மெட்டி

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பார்கள். முதியோர் இல்லங்களுக்குப் போய்ப் பெரியவர்களுக்குக் கால் பார்க்கிறேன் என்பேன். அப்படியென்றால் என்ன என்பார்கள். நகம் வெட்டுவேன், கால் ஆணியைச் சீவுவேன், சர்க்கரைக்காரர்களுக்கு விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்ப்பேன் என்று நான் ஆரம்பிப்பதற்குள், கேட்டவர் தன் இலையில் இருக்கிற ஜாங்கிரியைப் பார்ப்பார், என் கையைப் பார்ப்பார், அந்தப் பக்கத்து ஆளிடம் வெயிலைப் பற்றிப் பேசப் போய்விடுவார். போகட்டும். அவர் காலும் ஒருநாள் என் மடிக்கு வரத்தான் போகிறது.

ஒரு சர்க்கரை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் நர்சுக்கு உதவியாளாக இருந்து கற்றுக்கொண்ட தொழில் இது. வீடு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில். ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், நான்கு துண்டு, இவைதான் என் ஆபீஸ். புதன்கிழமைகளில் மயிலாப்பூர். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பது பேர் இருக்கிற இல்லம்.

முதலில் அங்கே வெள்ளிக்கிழமை போனேன். அந்த மடத்தனத்துக்கு நானும் மேனேஜரும் சமபங்கு. அவள் காலண்டரில் வெள்ளி காலியாக இருக்கிறது என்றாள், நானும் சரி என்றேன். கூடத்தில் ஸ்டூலைப் போட்டு நகவெட்டியை எடுத்ததுதான் தாமதம், வாக்கரில் நடக்கிறவர்கள்கூட ஓடிவிட்டார்கள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகமா? லக்ஷ்மி போயிடுவா!" என்று ஒரு மாமா கத்தினார். "லட்சுமி இருக்கட்டும் மாமா, இந்த நகத்தோட உங்களுக்குச் செருப்பே ஏறாது" என்றேன். என்னை ஏதோ கொலைகாரியைப் போலப் பார்த்தார். வெள்ளி ஆகாது, செவ்வாய் ஆகாது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், அமாவாசை ஆகாது, கிருத்திகை ஆகாது, விளக்கு வைத்தபின் ஆகவே ஆகாது. பஞ்சாங்கத்தோடு ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, புதன்கிழமை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டு மணி ராகு காலத்துக்குள் என்று எனக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினார். முப்பது பேர், அறுபது கால், இரண்டு மணி நேரம். நானும் தலையை ஆட்டிவிட்டு, பாதிப் பேரை ஒரு வாரமும் மீதிப் பேரை அடுத்த வாரமும் பார்க்க ஆரம்பித்தேன். புண் வரக்கூடியவர்களை மட்டும் வாராவாரம் பார்ப்பேன்.

இவர்கள் கால் மேல் வைத்திருக்கிற மரியாதையே தனி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின புதன்கிழமை எனக்குச் சாப்பிட நேரமிருக்காது. பேரன் பேத்தி வந்து நமஸ்காரம் பண்ணுவார்கள் இல்லையா? குப்புற விழுந்தவன் கண்ணுக்கு நேராக வருவது தாத்தாவின் கட்டைவிரல் நகம். "கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடு" என்று வரிசையில் நிற்பார்கள். மற்ற நாளில் காலைக் கொடுங்கள் என்றால், கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் வேட்டியை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

மாடியில் குளியலறையோடு சேர்ந்த அறையில் ஒரு தம்பதி இருந்தார்கள். மாமாவுக்கு எண்பத்தாறு, காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். மாமிக்கு எழுபத்தொன்பது, சர்க்கரை வந்து முப்பது வருஷம். இருவருக்கும் காலை எழுந்தது முதல் சண்டை. மின்விசிறி மூன்றில் ஓடவேண்டுமா நான்கில் ஓடவேண்டுமா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்த ஒரு வாரமும் "அவரண்டை சொல்லு", "அவகிட்ட சொல்லு" என்று என்னைத்தான் தபால்காரியாக்கினார்கள்.

மாமாவுக்கு உணர்ச்சிப் பரிசோதனை செய்வது ஒரு கூத்து. தூண்டில் நரம்பு மாதிரி நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொடுவேன். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். மாமா நான் தொடுவதற்கு முன்னாலேயே "எஸ்" என்பார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக் காப்பியடிப்பார். "வாத்தியாரே காப்பி அடிக்கலாமா?" என்றால், "நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா, அத்தனை டெக்னிக்கும் எனக்கு அத்துப்படி" என்று பெருமை வேறு.

மாமி காப்பியடிக்க மாட்டார். அவருக்கு இரண்டு பாதமும் மரத்துப்போய்விட்டது என்று அவரே சொல்லுவார். முள் குத்தினாலும் தெரியாது. அதனால்தான் அவருடைய காலை வாராவாரம் பார்க்க வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தேன். இடது, வலது என்று இரண்டு கட்டம். பார்த்தால் டிக் போடவேண்டும். இது நானே போட்ட சட்டம்.

அந்த நோட்டில் நான் பொய் எழுதினேன். மூன்று வாரம்.

ஒரு புதன்கிழமை மாமி வலது காலை மட்டும் நீட்டினார். இடது காலைக் கேட்டேன். "இப்பத்தான்டீ மஞ்சள் பூசிண்டேன். நனைச்சுடாதே. சுமங்கலி கால்ல மஞ்சளை அலம்பப்படாது" என்றார். புடவையை விலக்கி ஒரு நொடி காட்டினார். கணுக்கால் வரை மஞ்சள் மஞ்சேளென்று இருந்தது. என் அம்மாவும் வெள்ளிக்கிழமை அப்படித்தான் பூசுவாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் மஞ்சள். அதற்கடுத்த வாரமும் மஞ்சள். போதாக்குறைக்கு மாமி எதிர் அறைக்காரியின் மருமகளைப் பற்றி ஒரு கதையைச் சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டே வந்தார், கையில் இரண்டு தட்டையும் வைத்தார். நான் தட்டையைக் கடித்துக்கொண்டே இடது கட்டத்தில் டிக் போட்டேன். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கால் பார்க்கச் சொல்லிப் பிரசங்கம் செய்கிறவள், தட்டைக்கும் கதைக்கும் மயங்கிப்போனேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நான்காவது புதன்கிழமை நான் போனபோது இல்லமே அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. மாமாவின் அறையில் எலி செத்துக் கிடக்கிறதாம். நாற்றம் தாங்கவில்லை என்று இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். பீரோவை நகர்த்தியாகிவிட்டது, கட்டிலைத் தூக்கியாகிவிட்டது, ஆயாம்மா பரண் மேல் ஏறித் துடைப்பத்தால் துழாவிக்கொண்டிருந்தாள். மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று, காற்று எந்தத் திசையில் வீசுகிறது, நாற்றம் எங்கிருந்து கிளம்புகிறது என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமி கட்டிலில் காலை மடக்கிப் புடவைக்குள் செருகி உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எலி நாற்றம் வேறு. பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இந்த நாற்றத்தோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டவள் நான். பையிலிருந்து நோட்டை எடுத்து அந்த மூன்று டிக்கையும் பார்த்தேன்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "மாமி, எடது கால குடுங்க" என்றேன்.

"இன்னிக்கு மஞ்சள்..."

"மஞ்சளும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். குடுங்க."

கொடுத்தார். ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்தேன். கட்டைவிரலுக்கு அடுத்த விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சதை ஏறி மூடியிருந்தது, வெள்ளியின் ஒரு ஓரம்தான் மின்னியது. அடியில் சீழ். மரத்துப்போன கால், வலி இல்லை. மாமிக்குப் புண் இருப்பது தெரியும். மஞ்சளே மருந்து என்று நினைத்து, மஞ்சளையே திரையாகவும் போட்டிருக்கிறார்.

"ஏன் மாமி சொல்லல?"

"சொன்னா நீ மெட்டியைக் கழட்டச் சொல்லுவே" என்றார்.

போட்டோ எடுத்து, பழைய ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த டாக்டருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். மெட்டி இன்றைக்கே வெளியே வர வேண்டும், இழுக்காதே, வெட்டி எடு, நாளைக் காலை இங்கே கூட்டி வா என்றார். தள்ளிப்போட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், அதற்கு மேலும் போகலாம், சர்க்கரைக் காலில் எதையும் சொல்ல முடியாது என்றார். அதை அப்படியே மாமியிடம் சொன்னேன்.

"அவர் இருக்கற வரைக்கும் கழட்ட மாட்டேன்" என்றார் மாமி. "மெட்டியை எப்போ கழட்டுவான்னு உனக்குத் தெரியாதா? நீயும் கல்யாணம் ஆனவதானே?"

"வெரலே போயிட்டா மெட்டிய எங்க மாட்டுவீங்க?"

"போனா போகட்டும். அது என் விரல். அவர் உயிர் என்னோடதில்லையே. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது, நீயா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. மேனேஜர் வந்து, இரண்டு ஆயாக்களை விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவா என்று காதோரம் கேட்டாள். "அறிவிருக்கா? அவங்க என்ன கொழந்தையா?" என்று அவள்மேல் பாய்ந்தேன். தன் காலைப் பற்றி முடிவெடுக்க மாமிக்கு உரிமை உண்டு, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் பையில் மோதிரம் வெட்டுகிற கட்டர் ஒன்று உண்டு. சின்னக் கைக்கருவி. மெல்லிய நாக்கு ஒன்றை மோதிரத்துக்கு அடியில் விட்டு, மேலே இருக்கிற பல்சக்கரத்தைச் சாவி கொடுப்பதுபோல் திருகினால் அறுத்துவிடும், நாக்கு தோலைக் காப்பாற்றும். ஆனால் இந்த விரலில் அந்த நாக்கு நுழைய இடமில்லை. மாமி சம்மதிக்கவில்லை என்றாலும் கருவியையாவது தயார் செய்வோம் என்று ஆட்டோ பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போனேன். அங்கே ஒரு லேத் பட்டறையில்தான் என் வீட்டுக்காரர் வேலை செய்கிறார்.

"இன்னாமே, இந்நேரத்துல இங்க வந்து நிக்கிற?" என்றார்.

"இந்த நாக்கு தடிமனா கீது. கொஞ்சம் எளச்சிக் குடு. மெட்டி வெட்டணும்."

"யாரு மெட்டி? உன்னுதா?"

"என்னுத வெட்டணும்னா கட்டர் எதுக்கு? பல்லாலயே கடிச்சிப் போட்டிருப்பேன்."

சிரித்துக்கொண்டே கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் விஷயத்தைக் கொட்டினேன். முடியும் வரை கேட்டுவிட்டு, "அந்தம்மா வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு?" என்றார்.

"அவர எவன் கேட்டான்? அவரு எலி தேடிக்கினு கீறாரு."

"அட இன்னாமே நீ! போட்டவன் அவன்தான? அவன கேக்காம ஊரையெல்லாம் கேட்டுக்கினு கீற. உன் மெட்டிய கழட்டணும்னு டாக்டரே வந்து நின்னாலும் மொதல்ல என்னாண்ட கேக்கணும். நான் போட்டது."

இருபத்தாறு வருஷத்தில் இந்த மனிதர் உருப்படியாகப் பேசிய பேச்சுகளில் அதுவும் ஒன்று. அதை அவரிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும். நாக்கு பிளேடு மாதிரி இளைத்து வந்தது. ஓரத்தை மழுக்கி, தன் புறங்கையில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

நான் திரும்பியபோது மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எலி கிடைச்சுதா?" என்றார்.

"எலி இல்ல மாமா. அது மாமியோட கால் வெரல்."

பேப்பரை இறக்கினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் மூன்று டிக்கையும் சேர்த்து. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டு, "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார். பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"ஏன்டீ, எங்கிட்ட சொல்லப்படாதா?" என்றார் அறைக்குள் நுழைந்ததுமே.

"நீங்கதான் எலி தேடிண்டிருந்தேளே."

"மெட்டியைப் போட்டது யாரு?"

"நீங்கதான். அதுக்கென்ன இப்போ?"

"அப்போ கழட்டற அதிகாரமும் எனக்குத்தான். நான் கழட்டறேன். உன்னை யார் கேட்டா?"

"ஏன்னா, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று மாமி அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு எண்பத்தாறு வயசு. ஏதாவது ஆறதுக்கு மெட்டி வேற வேணுமாக்கும்? காலை நீட்டு."

அவரால் குனிய முடியாது. அவருடைய நகத்தையே நான்தான் வெட்டுகிறேன். நாற்காலியில் அவரை உட்காரவைத்து, மாமியின் காலை அவர் மடியில் வைக்கலாம் என்றேன். "ஐயையோ, அவர் மடியிலயா? எனக்குப் பாவம் வேற சேரணுமா?" என்று மாமி காலை இழுத்துக்கொண்டார். "அன்னிக்கு உன் காலைத் தூக்கி அம்மிமேல வெச்சவன் நான்தானே? அப்பவே என்ன கனம்!" என்றார் மாமா. அழுகைக்கு நடுவிலும் மாமி அவரை முறைத்தார். கால் மடிக்கு வந்தது.

துண்டை விரித்து, மருந்துத் தண்ணீர் விட்டுச் சதையைத் தளர்த்தி, நாக்கை மெல்ல உள்ளே விட்டேன். நுழைந்தது. ஆயாம்மா செல்போனில் டார்ச் அடித்தாள். திருகியை மாமாவின் விரல்களில் வைத்து, அவர் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். கிர் கிர் என்று சத்தம். இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். "இந்த வெள்ளியை வாங்கினவன் நான், நல்ல சரக்கு" என்று முனகிக்கொண்டார். வெள்ளி அறுந்தது. குறட்டால் விரித்து, சதையிலிருந்து பிரித்து எடுத்தேன்.

மாமி விரலைப் பார்க்கவே இல்லை. மாமாவின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூச்சு வருகிறதா என்று.

மாமாவுக்கு அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மெட்டி தட்டில் விழுந்ததும் கண்ணை மூடினார். தலை மெதுவாகத் தோளில் சரிந்தது. வாய் பிளந்தது. மாமி "ஐயோ!" என்று போட்ட அலறலில் எனக்கே உயிர் போய்விட்டது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கப் போனேன். அப்போது அவர் ஒரு கண்ணைத் திறந்தார், பரிசோதனையில் காப்பியடிக்கிற அதே கண்.

"கட்டேல போற மனுஷா!" என்று மாமி அந்தக் காலாலேயே அவர் வயிற்றில் ஓர் உதை விட்டார். சீழோடு, ரத்தத்தோடு, மடியிலிருந்த காலால். நான் புண்ணைப் பார்ப்பதா, அவரைத் திட்டுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விரல் பிழைத்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள், பிறகு இரண்டு மாதம் வாரம் மூன்று முறை கட்டு. நகம் போனது, நுனி கொஞ்சம் கோணிக்கொண்டது, அவ்வளவுதான். இனி அந்த விரலில் எதுவும் மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பாத்துக்கோ, இனிமே இவளுக்கு வலது கால்ல மட்டும்தான் கல்யாணம் ஆயிருக்கு" என்று மாமா இல்லம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். புதன்கிழமைகளில் நான் வந்தவுடன் அவரே மாமியின் இடது புடவை ஓரத்தை வாக்கர் முனையால் தூக்கிக் காட்டுவார். மாமி என்னிடம் மூன்று டிக்கைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எட்டு மாதம் கழித்து, மழை பிடித்த ஒரு வாரத்தில், மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். மேனேஜர் போனில் சொன்னாள். இல்லத்தில் பாதிப் பேர் மெட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றும் சொன்னாள், இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குப் போகப் பயமாக இருந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லி இரண்டு புதன்கிழமை வீட்டிலேயே கிடந்தேன். யார் பதில் சொல்றது, நீயா என்று மாமி கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது. மூன்றாவது புதன்கிழமை வீட்டுக்காரர்தான் பையைத் தூக்கி என் கையில் வைத்து, "போமே, அந்தம்மா கால யாரு பாப்பா?" என்று தள்ளிவிட்டார்.

மாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் ஸ்டூலைப் போட்டுத் துண்டை விரித்தேன். கேட்காமலேயே இரண்டு காலையும் நீட்டினார். வலது காலில் மெட்டி இருந்தது.

நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். "பத்தாம் நாள் எல்லாரும் வந்தா. கழட்டணும்னா. போட்டவர்தான் கழட்டணும், ஒண்ணைக் கழட்டினார், இன்னொண்ணுக்கும் அவரையே கூட்டிண்டு வாங்கோன்னேன். போயிட்டா" என்றார்.

நான் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "என்னாலயா மாமி?" என்று கேட்டேவிட்டேன்.

"போடீ அசடு" என்றார். "அன்னிக்குக் காத்தால அவர் எழுந்துக்கலை. வாயைப் பிளந்துண்டு, தலை சாஞ்சு, மெட்டி வெட்டின அன்னிக்கு மாதிரியே. நடிக்கறார்னுதான் நெனைச்சேன். இந்தக் காலாலதான்டீ, மெதுவா, ரெண்டு தடவை உதைச்சுப் பார்த்தேன்."